ட்ரையாக் டிம்மர்: தாமதத்தை எங்கிருந்து எண்ணுகிறீர்கள்?

50 ஹெர்ட்ஸ் ஏசி, 10 மில்லி செகண்டுக்கு ஒருமுறை பூஜ்ஜியத்தைக் கடக்கும். ட்ரையாக் என்பது கேட் முனைக்குத் துடிப்பு வந்தால் திறந்து, அடுத்த பூஜ்ஜியத்தில் அணையும் ஏசி சுவிட்ச். பூஜ்ஜியத்திலிருந்து எவ்வளவு நேரம் கழித்து அதன் கேட்டுக்குத் துடிப்பு போகிறது என்பதை வைத்துத்தான் பல்பின் வெளிச்சம் அமையும். ஆர்டுயினோ (சிறிய மைக்ரோகன்ட்ரோலர் பலகை) டிம்மர்களில் பல கோளாறுகள் இந்தத் தொடக்கப் புள்ளியைத் தவறாகப் பிடிப்பதால் வருபவை.

பிரிட்ஜ் ரெக்டிஃபையரும் பிசி817 ஆப்டோவும் (லைனைப் பிரித்து வைத்து, ஒளி வழியே சமிக்ஞை கடத்தும் சிப்) வைத்துப் பூஜ்ஜியத்தைக் கண்டறியும் சுற்றில் பூஜ்ஜியத்தை ஒட்டி வரும் துடிப்புக்கு அகலம் உண்டு. உண்மையான பூஜ்ஜியம் ஏறக்குறைய அதன் நடுவில் இருக்கும். துடிப்பின் அகலம் 1 மில்லி செகண்ட் என்றால், ஏறும் விளிம்பு அரை மில்லி செகண்ட் முந்திவிடும். அதிலிருந்து 0.2 மில்லி செகண்டில் சுட்டால், ட்ரையாக் முந்தைய அரைச் சுற்றின் வாலில் திறந்து உடனே அணைந்துவிடும். முழு வெளிச்சம் கேட்ட இடத்தில் இருட்டுதான் கிடைக்கும். இறங்கும் விளிம்பைப் பிடித்தால் கோளாறு மறுமுனைக்குப் போகும்: மிக மங்கலாக வைக்கும்போது துடிப்பு அடுத்த அரைச் சுற்றுக்குள் விழுந்து பல்பு பளிச்சென்று எரியும். ஏறும் விளிம்பிலிருந்து எண்ணினால் தாமதத்தோடு பாதி அகலத்தைக் கூட்டுங்கள், இறங்கும் விளிம்பு என்றால் கழியுங்கள்.

ட்ரையாக்கின் கேட்டை இயக்கும் ஆப்டோவான எம்ஓசி3021 கிடைக்காவிட்டால் 3041-ஐ வாங்காதீர்கள். கால்கள் ஒன்றுதான், ஆனால் 3041 பூஜ்ஜியத்தின் அருகில் மட்டுமே திறக்கும். டிம்மருக்கு அது உதவவே உதவாது.

பூஜ்ஜியத் துடிப்பு வந்ததும் ஓடும் நிரல் பகுதியான இன்டரப்டுக்குள் டிலே போட்டுக் காக்க வைப்பதும் வேண்டாம், தாமதத்தை எண்ணுவதைச் சிப்பின் டைமரிடம் விடுங்கள்.

தாமதமும் வெளிச்சமும் நேர்கோட்டில் போவதில்லை. 2.5 மில்லி செகண்ட் தாமதித்தாலும் இழை பல்புக்கு ஏறத்தாழ 91 சதவீத மின்திறன் போகும், 7.5-இல் 9 சதவீதம்தான். குமிழைத் திருப்பினால் நடுவில் மட்டும் வேகமாக மாறுகிறது என்பவர்கள் எந்த வெளிச்சத்துக்கு எவ்வளவு தாமதம் என்று ஒரு அட்டவணை போட்டுக்கொள்ளலாம்.

மின்விசிறியில் மின்னோட்டம் மெதுவாக ஏறும். கேட்டுக்குப் போகும் குட்டித் துடிப்பு முடிவதற்குள் மின்னோட்டம் போதிய அளவுக்கு வராவிட்டால் ட்ரையாக் அணைந்துவிடும். துடிப்பை நீட்டுங்கள், ஆனால் அரைச் சுற்று முடியும் முன் நிறுத்துங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது: 230 வோல்ட்டின் உச்சம் 325 வோல்ட். பிடி136 ட்ரையாக்கின் உலோகத் தகடு அதன் முக்கிய முனைகளில் ஒன்றான எம்டி2-வுடன் இணைந்தது, ஆகவே ஹீட்சிங்க்கிலும் மின்சாரம் இருக்கும். ஆசிலோஸ்கோப்பின் எர்த் கிளிப்பை லைன் பக்கம் மாட்டாதீர்கள். ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் இல்லையென்றால் லைன் பக்கத்தை அளக்கவே வேண்டாம். ஆப்டோவுக்கு இந்தப் பக்கம், 5 வோல்ட் பகுதியில், ஏறும் விளிம்பையும் கேட் துடிப்பையும் ஒப்பிட்டாலே தாமதம் தெரிந்துவிடும்.