ஒரு தூதர் வல்லரசுப் போட்டியைப் பற்றி எழுதினால், அதை எப்படிப் படிப்பது?

வாழ்நாள் முழுக்கத் தூதரகங்களில் வேலை பார்த்த ஒருவரின் கட்டுரை கிடைத்தால், நான் கட்டுரையைக் கடைசியில்தான் படிப்பேன். முதலில் ஒரு தாள் எடுத்து, அவர் எந்த ஆண்டு எந்த ஊரில் இருந்தார் என்று எழுதிக்கொள்வேன். பழகிப் பார்க்க, அமெரிக்க-சோவியத் போட்டியைப் பற்றி எழுதிய அமெரிக்கத் தூதர் ஜார்ஜ் கெனன் பொருத்தமான ஆள்.

1904-ல் பிறந்தவர். அமெரிக்க வெளியுறவுப் பணியில் அவர் சேர்ந்த காலத்தில் சோவியத் அரசை அமெரிக்கா அங்கீகரித்திருக்கவில்லை. 1933 வரை மாஸ்கோவில் தூதரகமே கிடையாது. பெர்லினில் ரஷ்ய மொழி படித்தார். லாட்வியாவின் ரீகாவில் உட்கார்ந்து, எட்ட இருந்தே அந்த நாட்டைக் கவனித்தார். பதவிப் பெயர்களைவிட மொழி, ஊர், ஆண்டு இந்த மூன்றும் முக்கியம்.

ஏன் என்பதற்கு ஒரு காட்சி சொல்கிறேன். 1937 ஜனவரியில் மாஸ்கோவில் ராடெக், பியதகோவ் முதலிய பழைய கம்யூனிஸ்ட் தலைவர்கள் மீது சதி வழக்கு நடந்தது. பார்வையாளராக அமெரிக்கத் தூதர் ஜோசப் டேவிஸ். அவர் காதருகே மொழிபெயர்த்துச் சொன்னவர் கெனன். டேவிஸ் வழக்கறிஞர், ரஷ்ய மொழி தெரியாதவர். சதி நிரூபணமாகிவிட்டது என்றே வாஷிங்டனுக்கு எழுதினார். கெனன் நம்பவில்லை. இத்தனைக்கும் இருவரும் கேட்டது அதே வாக்குமூலங்களைத்தான்! 1988-ல் சோவியத் உச்ச நீதிமன்றமே அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. எனவே இரண்டு தூதரக அதிகாரிகளின் கருத்து முட்டிக்கொண்டால், யார் யாருடைய காது வழியாகக் கேட்டார்கள் என்று பாருங்கள்.

அப்புறம், உள்ளுக்குள் அனுப்பியதையும் வெளியே எழுதியதையும் தனித்தனியாக வையுங்கள். 1946 பிப்ரவரி 22 அன்று மாஸ்கோவிலிருந்து கெனன் அனுப்பிய நீண்ட தந்தி மேலதிகாரிகளுக்கானது. 1947-ல் ‘எக்ஸ்’ என்ற புனைபெயரில் அவர் எழுதிய கட்டுரை ஊருக்கே ஆனது. சோவியத் செல்வாக்கைக் கட்டுக்குள் வைக்க வேண்டும் என்ற சொல் அதிலிருந்துதான் பரவியது. பலர் அதைப் படைபலம் என்று எடுத்துக்கொண்டார்கள். தான் சொன்னது முக்கியமாக அரசியல் வழியைத்தான் என்று அவர் பிற்பாடு திரும்பத் திரும்பச் சொன்னார். நான் அந்தக் கட்டுரையை மட்டும் படித்துவிட்டு, பல காலம் அவரைப் போர் விரும்பி என்றே நினைத்திருந்தேன். அது தவறு. தந்தியின் முடிவுப் பகுதியைப் பாருங்கள்: நம் சமூகம் நலமாக இருப்பதே பெரிய பாதுகாப்பு என்ற பொருளில் எழுதியிருக்கிறார்.

சொந்தக் காயத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 1941 டிசம்பரில் ஜெர்மனி அவரைச் சக அதிகாரிகளோடு பிடித்து, அந்நாட்டின் பாட் நௌஹைம் என்ற ஊரில் சில மாதம் அடைத்து வைத்தது. 1952-ல் மாஸ்கோவில் தூதராக இருந்தபோது, அங்குள்ள வாழ்க்கையை அந்தக் காவலோடு ஒப்பிட்டுப் பத்திரிகையாளர்களிடம் பேசிவிட்டார். சோவியத் அரசு அவரை வேண்டாதவர் என்று அறிவித்தது. அனுபவமுள்ளவரும் வாய் தவறுவார். தவறும் இடத்தில் பழைய வலி தெரியும்.

கடைசியாக, தன் அரசோடு அவர் முரண்பட்ட ஆண்டுகளை ஒரே வரிசையில் எழுதுங்கள். 1949-ல் நேட்டோ ராணுவக் கூட்டணியாக அமைவதில் அவருக்கு உடன்பாடில்லை. 1966-ல் செனட் குழு முன் வியட்நாம் போரைக் குறை கூறினார். 1997-ல், 92 வயதில், நேட்டோ கிழக்கே விரிவதை எதிர்த்தார். அப்போது காப்பாற்றிக்கொள்ள அவருக்குப் பதவி எதுவும் இல்லை. இந்த வரிசையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 1946 தந்தியைத் திரும்பப் படியுங்கள்.