பெட்ரோலா, டீசலா, சிஎன்ஜியா: லோடு வண்டியின் உண்மையான மைலேஜை நீங்களே அளக்கலாம்

மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டிப் பக்கம் டீக்கடையில் நின்றால் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. "நம்ம வண்டி லிட்டருக்கு இருபத்திரண்டு குடுக்குதுங்ணா" என்பார் ஒருவர். "எங்கீங்க, எனக்குப் பதினாலைத் தாண்ட மாட்டேங்குது" என்பார் அடுத்தவர். இரண்டும் ஒரே மாடல் குட்டியானை. இருவரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் ஊட்டியிலிருந்து கேரட் ஏற்றிக்கொண்டு இறங்கியபோது பார்த்த கணக்கைச் சொல்கிறார். இன்னொருவர் சொல்வது மேலே ஏறிப்போன கணக்கு.

புதிதாக லோடு வண்டி வாங்கப் போகிறவர்கள் இந்த மாதிரிப் பேச்சை நம்பித்தான் பல லட்சம் ரூபாய்க்குக் கடன் போடுகிறார்கள். அது எனக்குப் பெரிய வருத்தம். ஒரு நோட்டும் பேனாவும் இருந்தால் யாரும் சரியாக அளந்துவிடலாம். வண்டி வைத்திருக்கும் நண்பர் இருந்தால், வாங்கும் முன்பே அவருடைய வண்டியில் அளந்து பார்த்துவிடுங்கள்.

முதலில் மீட்டரைச் சோதியுங்கள்

வண்டியின் கிலோமீட்டர் மீட்டர் சரியாக ஓடுகிறதா என்று பார்க்காமல் மைலேஜ் கணக்குப் போடுவது வீண். தேசிய நெடுஞ்சாலை ஓரத்தில் தலையில் மஞ்சள் அடித்த கிலோமீட்டர் கற்கள் இருக்கும். ஒரு கல்லின் அருகில் ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கிவிட்டு, பத்துக் கல் தள்ளி நிறுத்திப் பாருங்கள். 10.4 என்று காட்டினால் உங்கள் மீட்டர் 4 விழுக்காடு கூட்டிச் சொல்கிறது என்று அர்த்தம். லிட்டருக்கு 20 என்று நினைத்துக்கொண்டிருப்பது உண்மையில் 19.2தான். தேய்ந்த டயர் மீட்டரைக் கூட்டிக் காட்டும். அளவு மாற்றிப் பெரிய டயர் போட்ட வண்டியில் குறைத்துக் காட்டும். கல் தேய்ந்து எண் தெரியாத சாலையாக இருந்தால் போனில் மேப் போட்டு ஒப்பிட்டாலும் போதும்.

அதே நாளில் டயரில் காற்றையும் கம்பெனி சொன்ன அளவுக்குப் பிடித்துவிடுங்கள். ஒப்பிடும் எல்லா வண்டிகளுக்கும் இது பொருந்தும்.

டேங்க் ஃபுல் முதல் டேங்க் ஃபுல் வரை

இதுதான் முக்கியமான வேலை, கொஞ்சம் பொறுமை வேண்டும். ஒரு பெட்ரோல் பங்கைத் தேர்ந்தெடுத்து, முடிந்தவரை அதே பம்பில், வண்டியை அதே பக்கம் நிறுத்தி நிரப்புங்கள். எரிபொருள் ஊற்றும் துப்பாக்கி (நாசில்) தானாக ஒருமுறை 'டக்' என்று நின்றதும் போதும் என்று சொல்லிவிடுங்கள். பங்குக்காரத் தம்பி ரூபாயை முழு எண்ணாக்க இன்னும் கொஞ்சம் விடப் பார்ப்பார். வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பில்லில் உள்ள லிட்டரையும் மீட்டர் எண்ணையும் அங்கேயே எழுதுங்கள். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்றால் மறந்துவிடும்.

ஒரே ஒரு நிரப்பலை வைத்து முடிவுக்கு வரக்கூடாது. ஏன் என்று ஒரு கணக்கில் பாருங்கள். எண்கள் எடுத்துக்காட்டுக்குத்தான்.

முதலில் டேங்க் ஃபுல் செய்தபோது மீட்டர் 41,260.
205 கி.மீ. ஓடிய பின் 14.2 லிட்டர்: மைலேஜ் 14.4
அடுத்த 274 கி.மீ., 15.6 லிட்டர்: 17.6
அடுத்த 215 கி.மீ., 13.9 லிட்டர்: 15.5
அடுத்த 250 கி.மீ., 15.3 லிட்டர்: 16.3

டீக்கடையில் 17.6ஐ மட்டும் சொல்லத்தான் மனசு வரும். ஆனால் மொத்தம் 944 கி.மீ., மொத்தம் 59 லிட்டர். வகுத்தால் 16. அதுதான் இந்த வண்டியின் மைலேஜ். நான்கு மைலேஜையும் கூட்டி நான்கால் வகுக்காதீர்கள். மொத்தக் கிலோமீட்டரை மொத்த லிட்டரால்தான் வகுக்க வேண்டும். டேங்கில் ஒரு லிட்டர் முன்பின்னாக நிரம்பினால், 15 லிட்டரில் அது 7 விழுக்காடு பிழை. 60 லிட்டரில் அதே ஒரு லிட்டர் 2 விழுக்காட்டுக்கும் கீழே போய்விடும்.

ஒரே சாலை, ஒரே லோடு, போய்த் திரும்பி வருவது

மேட்டுப்பாளையம் முதல் ஊட்டி வரை ஏறத்தாழ 1,900 மீட்டர் ஏற்றம். காலி வண்டியும் டிரைவரும் சேர்ந்து ஒரு டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு டன்னை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மட்டுமே ஒன்றரை லிட்டருக்கு மேல் டீசல் எரியும். தூரத்துக்கு எரிவது தனி. இறங்கும்போது கியரில் வைத்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், இன்றைய எஞ்சின்களில் எரிபொருள் பாய்வதே நின்றுவிடும். அதனால்தான் முக்கால் டன் கேரட்டோடு இறங்குகிற வண்டி, காலியாக ஏறிய வண்டியைவிட நல்ல மைலேஜ் காட்டுகிறது. மைலேஜ் கிடைக்கும் என்று நியூட்ரலில் இறங்குவோரைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். நியூட்ரலில் எஞ்சின் ஐட்லிங்கில் எரிபொருள் குடித்துக்கொண்டுதான் இருக்கும். முழுச் சுமையும் பிரேக்கின் தலையில் விழும், பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும்.

ஆகவே மலையோ சமவெளியோ, போய்த் திரும்பி வந்தால்தான் கணக்கு. இரண்டு வண்டிகளை ஒப்பிட்டால் ஒரே வழித்தடம், ஒரே எடை, முடிந்தால் ஒரே டிரைவர். எடைக்கு எடைமேடைச் சீட்டே சாட்சி. லோடின் உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். வைக்கோல் எடை குறைவுதான், ஆனால் கேபினுக்கு மேலே எழும்பி நின்று காற்றை அணைத்துக்கொண்டு போகும். உருளைக்கிழங்கு மூட்டை பாடிக்குள்ளேயே அடங்கிவிடும். 60 கி.மீ. வேகத்திலிருந்து 80க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு 1.8 மடங்கு ஆகிறது. தார்ப்பாய் படபடவென்று அடித்தால் அதற்கும் எரிபொருள்தான் செலவு.

எரிபொருள் மாறினால் அளவுகோலும் மாறும்

டீசல் எஞ்சின் லிட்டருக்குக் கூடுதல் தூரம் ஓடுவதற்குக் காரணம் எஞ்சின் மட்டுமல்ல. ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிட 10 விழுக்காட்டுக்கு மேல் ஆற்றல் அதிகம். பெட்ரோலில் கலக்கும் ஆல்கஹாலான எத்தனாலின் ஆற்றல் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். அதனால் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலில் 6, 7 விழுக்காடு ஆற்றல் குறைகிறது. பழைய பெட்ரோல் வண்டி மைலேஜோடு ஒப்பிடும்போது இதை மனதில் வையுங்கள்.

சிஎன்ஜி என்பது அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயு, அதைக் கிலோவில் விற்கிறார்கள். ஒரு கிலோ கேஸில் ஒன்றரை லிட்டர் பெட்ரோல் அளவுக்கு ஆற்றல் இருக்கிறது. ஆகவே 'கிலோவுக்கு 20' என்பதையும் 'லிட்டருக்கு 20' என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசவே கூடாது. கேஸை வேகமாக அடைத்தால் சிலிண்டருக்குள் சூடேறும். ஆறியதும் அழுத்தம் இறங்கிவிடும். பங்கில் அழுத்தம் குறைவாக இருந்தாலும் முழுதாக நிரம்பாது. இதனால் சிஎன்ஜி வண்டிக்கு நான்கு நிரப்பல் போதாது, எட்டு பத்தாவது வேண்டும். சில வண்டிகள் பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகிக் கேஸுக்கு மாறும். மாருதி சூப்பர் கேரி சிஎன்ஜியில் அதற்கென்று 5 லிட்டர் பெட்ரோல் டேங்க் உண்டு. அந்தப் பெட்ரோல் செலவையும் நோட்டில் ஏற்றுங்கள், பலர் விட்டுவிடுகிறார்கள்.

கடைசியாக ரூபாய்க் கணக்கு

எல்லாவற்றையும் கிலோமீட்டருக்கு எத்தனை ரூபாய் என்று மாற்றுங்கள். விலையை மைலேஜால் வகுத்தால் வந்துவிடும். பெட்ரோல் 101 ரூபாய், டீசல் 93 ரூபாய், கேஸ் 92 ரூபாய் என்று வைப்போம். உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

சின்னப் பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 14: கிலோமீட்டருக்கு 7.21 ரூபாய்.
பெரிய டீசல் பிக்கப் லிட்டருக்கு 12: 7.75 ரூபாய்.
சின்ன சிஎன்ஜி வண்டி கிலோவுக்கு 18: 5.11 ரூபாய்.

இங்கேயே நிறுத்தினால் தப்பான வண்டியை வாங்கிவிடுவீர்கள். இதை ஏற்றும் டன்னால் இன்னொரு முறை வகுங்கள். பெட்ரோல் வண்டி முக்கால் டன் ஏற்றுகிறது, டீசல் பிக்கப் 1.3 டன் ஏற்றுகிறது என்றால், ஒரு டன்னை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக முன்னதற்கு 9.61 ரூபாய், பின்னதற்கு 5.96 ரூபாய். மைலேஜ் குறைந்த வண்டி ஜெயித்துவிட்டது. ஆனால் உங்களுக்குத் தினமும் கிடைக்கிற சரக்கே 600 கிலோதான் என்றால்? பெட்ரோல் வண்டி 12 ரூபாய், டீசல் பிக்கப் 12.9 ரூபாய். முடிவு தலைகீழ். அதனால் வண்டி எவ்வளவு தாங்கும் என்பதை விட்டுவிட்டு, போன மாதம் நீங்கள் உண்மையில் ஏற்றிய எடையைப் போடுங்கள்.

சிஎன்ஜி மலிவாகத் தெரிந்தால் முன்பணம் கொடுப்பதற்குள் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. நீங்கள் ஓடும் வழியில் கேஸ் பங்க் எங்கே, அங்கே வரிசை எவ்வளவு என்று ஒரு வாரம் பாருங்கள். பங்குக்காகக் காலியாக ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டரையும் செலவுப் பக்கம் எழுதிவிட்டு, அந்த 5.11 ரூபாயை மறுபடி கணக்குப் போடுங்கள்.