கோழிக்கு மருந்து அடித்தும் செல் போகவில்லையா?

கோழியின் ரத்தத்தைக் குடிக்கும் பொடி உண்ணிதான் செல். முட்டைக்கோழி வளர்ப்பில் புதிதாக இறங்கியவர்கள் அதைப் பற்றிச் சொல்லும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: "பவுடர் போட்டாச்சு, குளிப்பாட்டியாச்சு, செல் திரும்பவும் வந்துடுச்சு." எங்கே திரும்ப வந்தது? அது போகவே இல்லையே! கொட்டகையைப் பெருக்குவது, நெருக்கி அடைக்காமல் இருப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிட்டு, பலரும் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

கோழியை மட்டும் கவனித்து, கொட்டகையை விட்டுவிடுவது

காசும் உழைப்பும் அதிகம் வீணாவது இதில்தான். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு எரிச்சல் வரும்.

சிவப்புச் செல் (டெர்மனிசஸ் கலினே) கோழியின் மேல் குடியிருப்பதில்லை. இருட்டிய பிறகு ஏறி, ஒரு மணி நேரத்துக்குள் ரத்தம் குடித்து முடித்து, இறங்கிப் போய்விடும். பகலெல்லாம், கோழி இரவில் அடையும் கட்டையின் முனை சுவரில் சேரும் இடம், முட்டைப் பெட்டியின் மூலை, பலகை இடுக்கு, ஆணித்தலைக்கு அடி என்று ஒளிந்துகொள்ளும். அது முட்டை வைப்பதும் அங்கேதான். நண்பகலில் கோழியைப் பிடித்துப் பவுடர் தூவினால், செல் இல்லாத இடத்தில் மருந்தைக் கொட்டுகிறீர்கள் என்று அர்த்தம்.

தெரிந்த தம்பி ஒருவர் இப்படித்தான் விடாமல் பவுடர் போட்டுக்கொண்டிருந்தார். கோழிகளின் கொண்டை வெளிறிக் கிடந்தது. சாயங்காலம் உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றன. முட்டை ஓட்டில் சின்னச் சின்ன ரத்தப் புள்ளிகள். "றெக்கையைத் தூக்கிப் பார்த்தேண்ணே, ஒண்ணுமே இல்ல" என்றார். கட்டையைத் தாங்கும் இரும்புப் பட்டையைக் கழற்றச் சொன்னேன். கட்டையின் மேல்பக்கம் பளிச்சென்று இருந்தது. பட்டைக்கு அடியிலோ உப்பையும் மிளகுத்தூளையும் கலந்து அப்பியது போல ஒரு சாம்பல் படிவு. வெளிச்சம் பட்டதும் அந்தப் படிவே நகர ஆரம்பித்தது. விரலால் இழுத்தேன், சிவப்புக் கோடு விழுந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "இதுக்கு எந்தப் பவுடர்ணே போடணும்?" என்று கேட்டார் பாருங்கள்!

பவுடர் கடைசி வேலை. முதலில் கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றிச் சுரண்டுங்கள். பிறகு கொதிநீரோ நீராவியோ இடுக்குகளுக்குள் போகட்டும். 45 டிகிரிக்கு மேல் சூடு நின்றால் செல் தாங்காது. நன்றாகக் காய்ந்தபின் அனுமதிக்கப்பட்ட மருந்தையோ சிலிக்காத் தூளையோ இடுக்குகளில் செலுத்துங்கள். எச்சமும் தூசியும் படிந்த பலகைமேல் மருந்தடித்தால் மருந்தைத் தூசிதான் குடிக்கும்.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தவர்களும் அடுத்த படியில் கோட்டை விடுகிறார்கள். முதல் அடியில் ஓடித் திரிந்தவை செத்து விழும். கொட்டகை அமைதியாகிவிடும். மிச்ச மருந்தை மூடிவைத்துவிடுவார்கள். ஆனால் பெரும்பாலான மருந்துகள் செல்லின் முட்டையை ஒன்றும் செய்வதில்லை. வெப்பமான நாட்களில் அந்த முட்டை 2, 3 நாளில் பொரிந்துவிடும். பொரிந்தது ஒரு வாரம், பத்து நாளில் வளர்ந்து தானும் முட்டை வைக்கும். அதற்குள், அதாவது 5 முதல் 7 நாளுக்குள், இரண்டாவது முறை அடித்தாக வேண்டும். மூன்றாவது தேவையா என்பதைப் பொறி சொல்லும். அதற்குக் கீழே வருகிறேன்.

கொட்டகையில் அடிக்காமல் கோழியின் குடிநீரில் கலக்கும் ஃப்ளூரலனெர் என்ற மருந்து மட்டும் விதிவிலக்கு. அது கோழியின் ரத்தத்தில் கலந்துவிடுவதால், குடிக்க வரும் செல் சாகும். அதையும் 7 நாள் இடைவெளியில் இரண்டு முறை கொடுக்கச் சொல்வது இதே கணக்கில்தான்.

எல்லாச் செல்லையும் ஒன்றாக நினைப்பது

வடக்கத்திக் கோழிச்செல் (ஆர்னிதோனிசஸ் சில்வியாரம்) நேர் எதிர். வாழ்நாள் முழுக்கக் கோழியின் உடம்பிலேயே இருக்கும். எச்சத் துவாரத்தைச் சுற்றி இறகு கருத்து, பிசுபிசுவென்று ஒட்டியிருந்தால் இதுதான். பகலிலேயே கண்ணில் படும். இதற்குக் கோழியைத்தான் கவனிக்க வேண்டும், மருந்து இறகைத் தாண்டித் தோல்வரை நனைக்க வேண்டும். அலகு வெட்டிய கோழிகளால் இறகைச் சரியாகக் கோத முடியாது, அவற்றில் இது அதிகம் பெருகும். சேவலையும் விடாதீர்கள்.

கண்ணால் பார்த்துத் திருப்தி அடைவது

நெளி அட்டையை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, கட்டைக்கு அடியிலும் முட்டைப் பெட்டிக்குப் பின்னாலும் பொருத்துங்கள். செல் அந்த நெளிவுக்குள் ஒளியப் போகும். நான் சொன்ன பொறி இதுதான். சில நாள் கழித்து எடுத்து, உடனே பையில் போட்டுக் கட்டி உறையவைத்து, வெள்ளைத் தாளில் தட்டி எண்ணுங்கள். எல்லா அட்டையையும் வாசல் பக்கமே வைக்காதீர்கள், கொட்டகை முழுக்கப் பரவலாக இருக்கட்டும். ஒரே இடம், ஒரே இடைவெளி, ஒரு நோட்டு. ஒற்றை எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, போன முறையோடு ஒப்பிட்டால்தான் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியும். மருந்தடித்த பிறகு இந்த எண்ணிக்கையை நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். அப்போதுதானே அது தேவை?

அவசரத்துக்கு ஒரு வழி: இருட்டி இரண்டு மணி நேரம் கழித்து வெள்ளைத் துணியால் கட்டையின் அடிப்பக்கத்தைத் துடையுங்கள். சிவப்பு ஒட்டினால் போதும்.

நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைக் கோழிக்கு அடிப்பது

2017-இல் நெதர்லாந்து, பெல்ஜியம் பண்ணைகளில் செல்லுக்கு அடித்த மருந்தில், நாய் உண்ணி மருந்துகளில் இருக்கும் ஃபிப்ரோனில் கலந்திருந்தது தெரிய வந்து, ஐரோப்பா முழுக்க லட்சக்கணக்கான முட்டைகளைக் கடைகளிலிருந்து எடுத்தார்கள். உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கு அங்கே அது அனுமதிக்கப்படாத மருந்து. ஐவர்மெக்டின் என்ற மருந்தும் முட்டைக்குள் போய்த் தங்கும். 'கோழிக்கு' என்று மட்டும் போட்டிருந்தால் போதாது. முட்டையிடும் கோழிக்கு அனுமதி உண்டா, எத்தனை நாள் முட்டையை ஒதுக்க வேண்டும் என்று சீட்டில் பாருங்கள். தெரியவில்லை என்றால் கால்நடை மருத்துவரைக் கேட்டுவிட்டு அடியுங்கள்.

ஒரே மருந்தைப் பிடித்துக்கொள்வது

செல் பழகிவிடும். கம்பெனியை மாற்றினால் போதாது, மருந்தின் வகையையே மாற்றுங்கள்.

இரவல் முட்டைத் தட்டு

வாங்காதீர்கள். அதோடு செல்லும் வந்துவிடும்.

காலிக் கொட்டகையை நம்புவது

கோழியே இல்லாமல் சில மாதம் பூட்டி வைத்தால் செல் பட்டினியில் செத்துவிடும் என்று நினைப்பார்கள். குளிர்ச்சியான இடுக்கில் அது எட்டு மாதம்கூடத் தாங்கும். புதிதாக விட்ட பொட்டைக்கோழிகளை முதல் ராத்திரியே மொய்த்துவிடும். காலியாக இருக்கும் நாட்களில்தான் தடையில்லாமல் கழற்றலாம், கொதிநீர் ஊற்றலாம், இடுக்கை அடைக்கலாம். பூட்டைத் திறந்து அந்த வேலையை முடித்துவிட்டுக் கோழியை விடுங்கள்.