பனாமாவிலிருந்து கொலம்பியாவுக்குச் சைக்கிளோடு பாய்மரப் படகில்: கரையிலேயே தவிர்க்க வேண்டிய தவறுகள்

அலாஸ்காவில் கிளம்பி அர்ஜென்டினாவின் உசுவாயா வரை சைக்கிளில் போகிற எல்லோருக்கும் ஓர் இடத்தில் சாலை முடிந்துவிடும். அந்த ஊர் பனாமாவின் யவீசா. அதற்கு அப்பால் 100 கிலோமீட்டர் அளவுக்கு டாரியன் காடும் சதுப்பும்தான், சாலை மறுபடி கிடைப்பது கொலம்பியாவில். அந்தக் காட்டுக்குள் போகிற யோசனையே வேண்டாம். விமானம் ஒரு வழி. இன்னொன்று, நானும் போன வழி: பனாமாவின் கரீபியன் கரையில் ஒரு சிறிய பாய்மரப் படகில் சைக்கிளை ஏற்றி, சான் பிளாஸ் தீவுகளில் இரண்டு மூன்று நாள் தங்கி, பிறகு திறந்த கடலில் 30, 40 மணி நேரம் ஓடி கொலம்பியாவின் கார்த்தஹேனா துறைமுகத்தில் இறங்குவது. மொத்தம் ஐந்து நாள்.

சைக்கிளில் எது தவறினாலும் ஓரமாக நிறுத்தி இறங்கிவிடலாம். படகில் அது முடியாது. அதனால்தான் கிட்டத்தட்ட எல்லாத் தவறுகளையும் கரையில் நிற்கும்போதே சரிசெய்தாக வேண்டும் என்கிறேன்.

பெரிய தவறு, படகைப் பார்க்காமலே பணம் கொடுப்பது. பனாமா நகர விடுதிகளில் அழகான படங்களைக் காட்டி இடம் பிடித்துத் தருவார்கள், ஒருவருக்கு 500 டாலருக்கு மேல் ஆகும், சைக்கிளுக்குத் தனியாகக் கேட்பார்கள். முடிந்தால் படகு கிளம்பும் கரையோர ஊர்களான போர்ட்டோபெலோவுக்கோ புவெர்ட்டோ லிண்டோவுக்கோ முன்னதாகவே போய்ப் படகில் ஏறிப் பாருங்கள். எத்தனை பேர் ஏறுகிறோம், அத்தனை பேருக்கும் மிதவை உடை இருக்கிறதா, காற்றடைத்து விரியும் உயிர்காப்புப் படகு இருக்கிறதா, கேப்டனுக்கு உடம்பு சரியில்லாமல் போனால் பாயை இழுத்து ஓட்டத் தெரிந்த இன்னொருவர் யார் என்று கேளுங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள். நல்ல கேப்டன் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார், கோபப்படுகிறார் என்றால் அந்தப் படகே வேண்டாம். குடித்துவிட்டுப் பேசுகிறவர் என்றாலும் அப்படித்தான். அந்தத் தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் நீருக்குச் சற்றே அடியில் கிடக்கின்றன, மின்னணு வரைபடங்களை முழுதாக நம்ப முடியாது, வெயில் உச்சியில் இருக்கும்போது தண்ணீரின் நிறத்தைப் பார்த்துத்தான் உள்ளே நுழைய வேண்டும். இரவில் தீவுகளுக்குள் நுழைவேன் என்று பெருமையாகச் சொல்கிறவரோடு போகாதீர்கள்.

அடுத்தது காலம். டிசம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்கிலிருந்து காற்று பலமாக அடிக்கும், கார்த்தஹேனா இருப்பதும் ஏறக்குறைய அதே திசையில்தான். எதிர்காற்றில் சைக்கிள் மிதித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாய்மரப் படகு காற்றுக்கு நேர் எதிராகப் போகவே முடியாது, இடமும் வலமுமாக வளைந்து வளைந்துதான் முன்னேறும், அல்லது இன்ஜினைப் போட்டு அலையில் மோதிக்கொண்டே போகும். மழைக்காலத்தில் காற்று குறையும், ஆனால் இடியும் மின்னலும் மிக அதிகம். எந்த மாதமானாலும் சரி, கார்த்தஹேனாவிலிருந்து தேதி குறித்த விமான டிக்கெட் எடுத்துவைக்காதீர்கள். நமக்கு அவசரம் என்பதற்காகக் கேப்டன் மோசமான வானிலையில் கிளம்பும்படி ஆகக் கூடாது.

இனி சைக்கிள். இதில்தான் நான் நன்றாகப் பட்டேன். மழையில் நனைவதும் கடல்நீரில் நனைவதும் ஒன்று என்று நினைத்துவிட்டேன். மழைநீர் காய்ந்துபோகும். உப்பு காயாது, அது காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அலுமினியத்தின் மேல் இயல்பாக இருக்கும் மெல்லிய காப்புப் படலத்தையும் உப்பு அரித்துவிடும். இரும்பு ஃபிரேமும் அலுமினிய சீட் போஸ்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புநீர் இறங்கினால் இரண்டு உலோகத்துக்கும் நடுவே பேட்டரி போல வேலை நடந்து இறுகிப் பிடித்துக்கொள்ளும். எனக்கு அப்படித்தான் ஆனது. கார்த்தஹேனாவில் ஒரு பட்டறையில் இரண்டு நாள் போராடித்தான் சீட் போஸ்டை வெளியே எடுத்தோம்.

ஆகவே ஏறுவதற்கு முதல் நாளே சீட் போஸ்டையும் பெடல்களையும் கழற்றி, போஸ்டைச் சுற்றியும் பெடல் மரைகளிலும் கிரீஸை நிறையத் தடவுங்கள். செயினைத் துடைத்துக் கெட்டியான எண்ணெய் விடுங்கள். ஸ்போக்ஸ் கம்பிகளின் தலைகளிலும் போல்ட்டுகளிலும் எண்ணெய்த் துணியால் ஒரு தடவை துடைத்தாலே பெரிய வித்தியாசம் தெரியும். தோல் சீட் என்றால் கழற்றி உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். முன்சக்கரத்தைக் கழற்றி ஹேண்டில்பாரைத் திருப்பிவிட்டால், பாய்கள் வைக்கும் அறைக்குள்ளேயே இடம் கிடைக்கலாம், அதுதான் ஆகச் சிறந்த இடம். மேல்தளத்தில் கம்பியோடு கட்டத்தான் முடியும் என்றால், சக்கரத்தில் கட்டாமல் ஃபிரேமில் கட்டி, செயின் பக்கம் உள்நோக்கி இருக்கும்படி, உரசும் இடங்களில் பழைய டயர்த் துண்டு வைத்துக் கட்டுங்கள். பாயை இழுக்கும் கயிறு ஓடுகிற வழி எது என்று கேப்டனிடம் கேட்காமல் கட்டக் கூடாது. பிளாஸ்டிக் தாளால் இறுக்கிச் சுற்றிவிட்டால் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். உள்ளே கொஞ்சம் உப்புநீர் போனாலும் வெளியேற வழியில்லாமல் அங்கேயே நின்று அரிக்கும். மேலே தார்ப்பாய், அடியில் திறந்திருக்கட்டும்.

பெட்ரோல் அடுப்பு வைத்திருக்கிறவர்களுக்கு ஒன்று. பாட்டிலைக் கரையிலேயே காலிசெய்துவிடுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் படகின் அடிவயிற்றில் போய்த் தேங்கும், சமையலறையில் யாரோ தீக்குச்சி உரசினால் போதும்.

ஒரு நாளைக்கு 100 கிலோமீட்டர் மிதிக்கிற உடம்புக்குக் கடல் மயக்கம் வராது என்ற நம்பிக்கையும் தவறு. கண் பார்ப்பதும் உள்காது உணர்வதும் ஒத்துப்போகாததால் வருவது அது, கால் பலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வாந்தி தொடங்கிய பிறகு போட்ட மாத்திரை வயிற்றில் நிற்காது, அதனால் தீவுகளைவிட்டுத் திறந்த கடலுக்குள் போவதற்குச் சில மணி நேரம் முன்பே போட்டுவிட வேண்டும். எந்த மாத்திரை என்று ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மேலே உட்கார்ந்து அடிவானத்தைப் பாருங்கள், கீழே அறைக்குள் குனிந்து பை தேட வேண்டாம். முதல் 2 நாளுக்குத் தேவையானதை ஒரு சின்னப் பையில் தனியாக எடுத்துவைத்தால் பாதிக் கஷ்டம் போய்விடும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நாலைந்து இருக்கட்டும்.

அப்புறம், ஆண்களுக்கு: இரவில் படகின் ஓரத்தில் நின்று சிறுநீர் கழிக்காதீர்கள். ஓடுகிற படகிலிருந்து இருட்டில் விழுந்தவரைத் தேடிக் கண்டுபிடிப்பது மிக மிகக் கடினம்.

தீவுகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வெள்ளை மணல், தென்னை, ஆளே இல்லை என்று பார்த்ததும் யாருக்கும் சொந்தமில்லாத இடம் போலத் தோன்றும். அது குனா என்ற பழங்குடி மக்களின் மண். 1925இல் பனாமா அரசை எதிர்த்துக் கிளர்ச்சி செய்து தங்கள் உரிமையைக் காத்துக்கொண்டவர்கள் அவர்கள், குனா யாலா என்ற பெயரில் தாங்களே நிர்வகிக்கிறார்கள். ஆளில்லாத தீவிலும் ஒவ்வொரு தென்னைக்கும் சொந்தக்காரர் உண்டு, கீழே விழுந்து கிடக்கும் தேங்காயையும் எடுக்கக் கூடாது. நம் ஊரில் அடுத்தவர் தோப்பில் கேட்காமல் கை வைப்போமா? கேட்டு, காசு கொடுத்து வாங்குங்கள். முகத்தைப் படமெடுக்கும் முன் அனுமதி கேளுங்கள், ஒரு டாலர் கேட்டால் கொடுங்கள். அங்கே ஏடிஎம்மை எதிர்பார்க்காமல் சில்லறை டாலராக எடுத்துப் போவது நல்லது. குப்பையைக் கையோடு கார்த்தஹேனா வரை கொண்டுபோங்கள். கடல் மட்டம் ஏறுவதால் அங்கே உள்ள கார்டி சுக்டுப் தீவிலிருந்து 300 குடும்பங்கள் அளவுக்கு 2024 ஜூனில் பெருநிலத்துக்குக் குடிபெயர்ந்தன. அவ்வளவு ஒடுங்கிய இடத்தில் நம் பிளாஸ்டிக்கையும் விட்டுவருவது நியாயமில்லை.

பாஸ்போர்ட் வேலையை வழக்கமாகக் கேப்டன்தான் பார்ப்பார். பனாமாவின் வெளியேறும் முத்திரை விழுந்ததா என்று நீங்களே திறந்து பாருங்கள், விசா தேவையா என்பதைக் கிளம்பும் முன்பே தூதரகத்தில் கேட்டுவிடுங்கள். யார் கொடுக்கும் பொட்டலத்தையும் உங்கள் பையில் வாங்கி வைக்காதீர்கள். கொலம்பியாவுக்கும் பனாமாவுக்கும் நடுவே உள்ள கடல் போதைப்பொருள் கடத்தும் வழி என்பது எல்லோருக்கும் தெரியும்.

கார்த்தஹேனாவில் இறங்கியதும் கோட்டை மதிலைப் பார்க்கக் கால் துடிக்கும். அதற்கு முன் ஒரு குழாயடியைத் தேடிச் சைக்கிளை நல்ல தண்ணீரில் கழுவுங்கள், வேகமாகப் பீய்ச்சாமல் மெதுவாக, நிறைய ஊற்றி. பால்ரஸ் உள்ள இடங்களைச் சுழற்றிப் பார்த்து, செயினுக்கு எண்ணெய் விடுங்கள். மூன்றாம் நாள் செயினைத் துடைத்து மறுபடி எண்ணெய் விடுங்கள், கண்ணிகளுக்குள் ஒளிந்திருந்த துரு அப்போதுதான் சிவப்பாக வெளியே வரும்.