லேன் கற்கத் தொடங்குவோர் இடறும் இடங்கள்

லேன், அதாவது ஓரிடத்துக்குள்ளேயே கணினிகளை இணைக்கும் நெட்வொர்க்கைப் படிக்கத் தொடங்கும் பலர் முதல் வாரத்திலேயே நெட்வொர்க் வேலையைப் படிப்படியாகப் பிரித்துக் காட்டும் ஓஎஸ்ஐ அமைப்பின் ஏழு அடுக்குகளையும் கடகடவென ஒப்பிக்கிறார்கள். நேர்முகத் தேர்வில் கேட்பார்கள் என்பதால் அதைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் அவர்களிடமே, கேபிள் வழியே கணினிகளை இணைக்கும் ஒரு ஸ்விட்சையும் இரண்டு கணினிகளையும் கொடுத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செய்தி எப்படிப் போகிறது என்று கேட்டால் திணறுகிறார்கள்.

அனுப்பும் கணினி முதலில் ஒரு முடிவுக்கு வர வேண்டும்: எதிர்முனை தன் நெட்வொர்க்கில் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? உள்ளே என்றால் ‘இந்த ஐபி முகவரி யாருடையது?’ என்று ஆர்ப் என்ற விசாரிப்பு முறை மூலம் எல்லோரிடமும் கேட்டு, மேக் முகவரியை, அதாவது அதன் நெட்வொர்க் கார்டின் வன்பொருள் முகவரியைப் பெற்று நேராக அனுப்பும். வெளியே என்றால் கேட்வேயிடம், அதாவது வெளியே போகும் வாசலான ரௌட்டரிடம் ஒப்படைத்துவிடும். இந்த முடிவை எடுப்பது ஸ்விட்சும் அல்ல, ரௌட்டரும் அல்ல. ஐபி முகவரியில் எவ்வளவு பகுதி நெட்வொர்க்கைக் குறிக்கிறது என்று சொல்லும் சப்நெட் மாஸ்க்கை வைத்துக் கணினியே எடுக்கிறது. அது தெரியாமல் மாஸ்க் கட்டத்தைச் சடங்குக்கு நிரப்புவதுதான் நான் பார்த்தவற்றில் மிகப் பரவலான தவறு.

ஒரு கணினிக்கு 192.168.1.10, மாஸ்க் 255.255.255.0. மற்றதற்கு 192.168.1.200, மாஸ்க் 255.255.255.128. கேட்வே எதுவும் தரவில்லை. முதல் கணினியின் கணக்கில் 200 உள்ளூர்தான், தயங்காமல் அனுப்புகிறது. இரண்டாவதன் எல்லையோ 129 முதல் 254 வரை மட்டுமே. அதற்கு 10 வெளியூர். செய்தி வந்து சேர்ந்தாலும் பதில் அனுப்ப வழியில்லை. கற்பவர் இங்கே கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருப்பார். முகவரியின் முதல் எண்ணை வைத்தே நெட்வொர்க்கின் அளவைத் தீர்மானித்த ஏ, பி, சி என்ற வகுப்புப் பிரிவையே இன்னும் மனப்பாடம் செய்பவர்களுக்கு இந்தச் சிக்கல் பிடிபடவே படாது. 1993லேயே அந்த முறைக்கு மாற்று வந்துவிட்டது. பாடக் குறிப்புகள்தான் அதை விட மறுக்கின்றன.

‘இருக்கிறாயா?’ என்று கேட்கும் பிங் சோதனைக்குப் பதில் வராவிட்டால் எதிர்முனை செத்துவிட்டது என்று முடிவு கட்டுவதும் அவசரம். விண்டோஸ் ஃபயர்வால் பல நேரங்களில் பிங்கைத் தடுத்துவிடும். அதே நெட்வொர்க்கில் உள்ள கணினி என்றால், பிங் அனுப்பிய கையோடு ஆர்ப் பட்டியலைப் பாருங்கள். அதன் மேக் முகவரி அங்கே வந்திருந்தால், ஆள் உயிரோடுதான் இருக்கிறார்.

கேபிள் முனையில் இணைப்பியைப் பொருத்தும் கிரிம்பிங்கில் ஒரு நயவஞ்சகமான பிழை உண்டு. இரு முனையிலும் ஒரே வரிசை இருந்தால் போதும் என்று எண்ணி, பச்சை இணையின் இரு கம்பிகளையும் 3, 4ஆம் ஊசிகளில் அடுத்தடுத்து வைத்துவிடுவார்கள். வழக்கமான வண்ண வரிசையில் அவை 3, 6இல் இருக்க வேண்டும்; அந்த இரு ஊசிகளும்தான் ஒரு ஜோடியாக வேலை செய்கின்றன. இணை பிரிந்துவிட்டதால் குறுக்கீடு கூடும்; வேகம் விழும், இணைப்பு விட்டுவிட்டு வரும். மலிவான டெஸ்டரிலோ எட்டு விளக்குகளும் வரிசையாக எரிந்து ‘எல்லாம் சரி’ என்று சொல்லும்.

போர்ட் போதவில்லை என்று பழைய வைஃபை ரௌட்டரைக் கொண்டுவந்து லேன் போர்ட்டில் செருகுவது அலுவலகங்களில் சாதாரணம். அதற்குள் இருக்கும் டிஎச்சிபி சர்வரும் முகவரி வழங்கத் தொடங்கிவிடும். யார் முந்துகிறாரோ அவர் கொடுத்த முகவரி. பாதிப் பேருக்கு இணையம், பாதிப் பேருக்கு இல்லை. செருகும் முன் அதன் டிஎச்சிபியை அணைத்து, அதன் ஐபி முகவரியையும் மாற்றிவிட வேண்டும். 169.254 என்று தொடங்கும் முகவரி வந்தால் கதை வேறு: முகவரி தர யாருமே கிடைக்கவில்லை என்று பொருள்.

பேக்கெட் டிரேசர் என்ற பாவனை மென்பொருளில் மட்டும் பழகியவர்கள் லூப்புக்கு, அதாவது கேபிள்கள் வளையமாகிவிடுவதற்கு அஞ்சுவதில்லை. இரண்டு ஸ்விட்சுகளுக்கு இடையே இரண்டு கேபிள் போட்டால், அங்கே ஒரு போர்ட் ஆரஞ்சு நிறமாகி அடங்கிவிடும். லூப்பைக் கண்டறிந்து ஒரு வழியை மூடும் ஸ்பேனிங் ட்ரீ வசதி அதைத் தடுத்துவிடுகிறது. கடையில் வாங்கும் மலிவு ஸ்விட்சுகள் பலவற்றில் அந்த வசதி கிடையாது. ஐபி பேக்கெட்டுக்கு ஆயுள் எண்ணிக்கை உண்டு, அதைச் சுமந்து லேனில் போகும் ஈதர்நெட் ஃபிரேமுக்கு இல்லை. ஆகவே எல்லோருக்கும் போகும் ஒரே ஒரு பிராட்காஸ்ட் செய்தி ஓயாமல் சுற்றிப் பெருகும். எல்லாப் போர்ட் விளக்குகளும் ஒரே மூச்சாகத் துடிக்க, மொத்த நெட்வொர்க்கும் முடங்கிவிட்டால், எந்த அமைப்பையும் திறந்து பார்க்க வேண்டாம். கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வாருங்கள்.