படகோட பின்னாடி மாட்டுற அவுட்போர்டு என்ஜின்ல கூலிங் தண்ணி லீக் ஆகுதா, ஸ்பேனர் எடுக்கிறதுக்கு முன்னாடி இத படிங்க

மேல் மூடிய கழட்டினா உள்ள ஈரமா இருக்கு, உடனே எல்லாரும் பண்றது என்னன்னா சிலிக்கான் டியூப்ப பிதுக்கி கண்ணுக்கு தெரியிற இடத்துல எல்லாம் பூசி விடுறது. அத பண்ணாதீங்க. தண்ணி ஒழுகுற இடம் ஒண்ணு, சொட்டுற இடம் வேற, என்ஜின் உடம்பு மேலயே ஓடிவந்து எங்கயோ கீழ போய் சொட்டும். மொதல்ல எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடிச்சா பாதி வேலை முடிஞ்சுது.

அதுக்கும் முன்னாடி ஒரு விஷயம், எல்லா தண்ணியும் லீக் இல்ல. ஐடில்ல ஓடும்போது என்ஜினோட காலுக்கு, அதாவது கீழ தண்ணிய பாத்து இறங்குற நீளமான பகுதிக்கு, பின்பக்கம் இருக்கிற எக்ஸாஸ்ட் ஓட்டை வழியா புகையோட தண்ணி தெறிக்கும், அது அப்படித்தான், இத பாத்து பயந்து என்ஜின பிரிச்சவங்களும் இருக்காங்க. அதே மாதிரி கூலிங் ஓடுதுன்னு காட்ட என்ஜின் பக்கத்துல பீச்சுற தண்ணி மெலிசா வந்தா மொதல்ல அந்த ஓட்டைல தூண்டில் நரம்ப விட்டு குத்திப் பாருங்க, உப்போ மண்ணோ அடைச்சிருக்கும்.

உப்புத்தண்ணில ஓடுற என்ஜின்னா லீக்க தேடுறது சுலபம், ஒழுகுன இடத்துல வெள்ளையா உப்பு பூத்திருக்கும். அது இல்லன்னா உள்ள நல்லா துடைச்சு காய விட்டுட்டு, தண்ணி உள்ள போற ஓட்டை மேல ரெண்டு பக்கமும் ரப்பர் கப் மாட்டி, தண்ணிய திறந்து விட்டு அப்புறம் ஸ்டார்ட் பண்ணுங்க. கியர் நியூட்ரல்ல இருக்கணும், ப்ரொப்பெல்லர் பக்கம் யாரும் நிக்கக்கூடாது. தண்ணி இல்லாம ஓட்டாதீங்க, கொஞ்ச நேரத்துலயே இம்பெல்லர், அதாவது தண்ணிய மேல தள்ளுற பம்ப்புக்குள்ள சுத்துற ரப்பர் சக்கரம், தேஞ்சு போயிடும். டார்ச் அடிச்சு மேலேருந்து கீழ பாருங்க, மொத ஈரம் எங்க தெரியுதோ அதான் இடம். மேல சுத்துற ஃபிளைவீல்ங்கிற கனமான சக்கரத்துக்கிட்ட மட்டும் கையோ துணியோ போகக்கூடாது.

லீக் ஹோஸ்லன்னா பிரச்சனையே இல்ல, வெடிச்ச முனைய வெட்டிட்டு திரும்ப சொருகலாம், ஆனா ஒரு ஹோஸ் இத்துப் போச்சுன்னா மத்ததும் அதே வயசுதான், எல்லாத்தையும் மாத்திடுங்க. கிளிப் ஸ்டெயின்லெஸ்ஸா இருக்கட்டும்.

அதிகமா படுத்துறது தெர்மோஸ்டாட் (சூடானா திறந்து தண்ணிய விடுற வால்வு) மூடிதான். நடுவுல ஒழுகாம அடைக்கிற காஸ்கெட் சல்லிசு, போல்ட்தான் வில்லன். அலுமினியத்துல ஸ்டீல் போல்ட் உப்போட சேந்து கல்லு மாதிரி பிடிச்சுக்கும். நான் ஒரு தடவ அவசரத்துல நீளமான ஸ்பேனர போட்டு ஒரே இழு, தலை கையோட வந்துடுச்சு, அரை மணி நேர வேலை ரெண்டு நாள் ஆச்சு, மிச்சத்த ட்ரில் பண்ணி எடுத்து புதுசா மரை வெட்ட வேண்டியதா போச்சு. அதனால துரு விடுற ஆயில முந்தின நாள் ராத்திரியே அடிச்சு ஊற விடுங்க, லேசா தட்டுங்க, மொதல்ல துளி முறுக்கி அப்புறம் கழட்டுங்க, முன்னும் பின்னுமா. அப்பவும் வரலன்னா சூடு காட்டணும், அதுக்கு முன்னாடி பெட்ரோல் டேங்க், பெட்ரோல் ஹோஸ் எல்லாத்தையும் தூரமா எடுத்துடுங்க.

பழைய காஸ்கெட்ட பிளாஸ்டிக் ஸ்கிரேப்பர்ல சுரண்டுங்க, கத்தி போட்டா அலுமினியத்துல கீறல் விழும், அதுவே புது லீக். மூடி அரிச்சு குழி விழுந்திருந்தா புது மூடிதான் வழி. கழட்டின கையோட தெர்மோஸ்டாட்ட வெந்நீர்ல போட்டு திறக்குதான்னு பாத்துடுங்க. போல்ட்டுக்கு மெரைன் கிரீஸ் தடவி மாட்டினா அடுத்த தடவ உங்களுக்கே நல்லது.

காலும் லோயர் யூனிட்டும் (ப்ரொப்பெல்லர் இருக்கிற அடிப்பகுதி) சேர்ற இடத்துல தண்ணி வேகமா அடிச்சா பம்ப் ஹவுசிங்கோ, தண்ணி மேல போற பைப்போட ரப்பர் சீலோ போயிருக்கும். லோயர் யூனிட்ட இறக்கித்தான் ஆகணும், இறக்கினா இம்பெல்லர், காஸ்கெட் எல்லாம் சேத்து கிட்டா மாத்திடுங்க. இம்பெல்லர் ரெக்கைக்கு சோப்புத்தண்ணி தடவி, ஷாஃப்ட்ட அது ஓடுற திசைலயே சுத்திக்கிட்டே ஹவுசிங்க அழுத்துங்க. திரும்ப ஏத்தும்போது பைப் அந்த சீலுக்குள்ள நேரா போச்சான்னு பாக்கணும், நிறைய பேர் கோட்டை விடுறது இங்கதான், மேல ஏறாம தண்ணி அங்கயே கொட்டிடும்.

ஃபோர் ஸ்ட்ரோக்ல ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தாலோ, ஒரு ஸ்பார்க் பிளக் மட்டும் ஈரமா கழுவி விட்ட மாதிரி இருந்தாலோ தண்ணி உள்ளேயே போகுது, சிலிண்டருக்கு மேல இருக்கிற ஹெட் காஸ்கெட் சந்தேகம். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள்ள வர்ற அழுத்தம்) பாருங்க, எவ்வளவு இறுக்குறோம்னு அளந்து காட்டுற டார்க் ரெஞ்ச் கைல இல்லன்னா இத மெக்கானிக் கிட்ட விட்டுடுங்க, இருந்தா மேனுவல்ல போட்டிருக்கிற வரிசைப்படி போல்ட்டுகள ஒரேடியா இறுக்காம ரெண்டு மூணு தடவையா கொஞ்சம் கொஞ்சமா முறுக்கணும்.

எல்லாம் மாட்டினதும் என்ஜின் நல்லா சூடாகி தெர்மோஸ்டாட் திறக்கிற வரைக்கும் ஓட விட்டுப் பாருங்க, குளிர்ச்சியா இருக்கும்போது ஒழுகாத மூடி அப்பதான் ஒழுகும்.