ஸ்டீம் டெக்: முதல் நாளிலேயே செய்ய வேண்டியவை

பெட்டியிலிருந்து எடுத்ததும் பவர் பட்டனை அழுத்தினால், வால்வ் நிறுவனத்தின் கையடக்க கேமிங் கணினியான ஸ்டீம் டெக்கின் திரை கருப்பாகவே இருக்கும். அது பழுதல்ல. பேட்டரியை உறங்கும் நிலையில் வைத்துத்தான் அனுப்புகிறார்கள். கூடவே வரும் 45 வாட் சார்ஜரைச் செருகினால் விழித்துக்கொள்ளும். அப்டேட் முடியும்வரை அதைப் பிடுங்காதீர்கள்.

மைக்ரோ எஸ்டி கார்டை கணினியில் அல்ல, டெக்கின் செட்டிங்ஸிலேயே ஃபார்மட் செய்யுங்கள். ஃபார்மட் திரும்பத் திரும்பத் தோற்றால் கார்டு போலியாக இருக்கலாம்.

இனி பேட்டரி. எல்சிடி மாடலில் இருப்பது 40 வாட்-ஹவர். பெரிய கேம்கள் இரண்டு மணி நேரத்தில் தீர்த்துவிடும். வலப்பக்க மூன்று புள்ளி பட்டனை அழுத்தி, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் ஃபிரேம் வரம்பை (நொடிக்குக் காட்டும் படங்களின் உச்ச எண்ணிக்கை) 40 ஆக்குங்கள். ஒரு ஃபிரேமுக்கு 25 மில்லிசெகண்ட்: 30-க்கும் (33.3) 60-க்கும் (16.7) சரியாக நடுவில். கண்ணுக்கு வழுவழுப்பு, பேட்டரிக்கு மிச்சம். நாங்கள் முதலில் மாற்றச் சொல்வது இதைத்தான்.

சின்ன 2டி கேம்களுக்கு அதே பகுதியில் டிடிபி வரம்பை (சிப் இழுக்கும் மின்சாரத்தின் உச்சம்) 5 வாட் வைத்துப் பாருங்கள். திக்கினால் ஒவ்வொரு வாட்டாக ஏற்றுங்கள். அந்த கேமுக்கான தனி புரொஃபைலை முதலில் ஆன் செய்ய மறக்காதீர்கள். இல்லையென்றால் அடுத்து திறக்கும் பெரிய கேமும் அதே 5 வாட்டில் திணறும்.

பின்மூடியைக் கழற்றுமுன் எஸ்டி கார்டை வெளியே எடுங்கள். உள்ளே இருந்தால் இரண்டாக முறியும்.